பதினேழாம் நம்பர் கிணறு

எங்கள் பல்கலைக்கழகத்தில் உலகத் தண்ணீர்ப் பஞ்சத்தை ஆராய்கிறவர்களுக்கு டாக்டர் பட்டம் உண்டு, ஏசி அறை உண்டு. அதற்கு அளவு எடுத்துக் கொடுக்கிற டேப்பக்காவுக்கு ஓர் இரும்பு டேப், ஒரு சாக்பீஸ் டப்பா, ஜீப் ஓட்ட நான். டேப் நுனியில் சாக்பீஸ் தடவிக் கிணற்றுக்குள் விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்து ஆழம் எழுதுவாள். மாதம் நாற்பது கிணறு. பதினொரு வருடத்தில் ஓர் அளவுகூட விட்டதில்லை என்று பேராசிரியரே பெருமையடிப்பார்.

அந்தப் பெருமையில் ஓர் ஓட்டை இருந்தது. பதினேழாம் நம்பர் கிணறு ஒரு பழைய குடோனுக்குள் இருக்கிறது. போன வருடம் அங்கே அவிழ்த்துவிட்ட நாய் ஒன்று அக்காவின் காலைக் கவ்விவிட்டது. அதற்குப் பிறகு ஜீப்பை விட்டு இறங்காமலே போன மாத அளவையே கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதிவிடுவாள். "நாய் கடிச்சா பேராசிரியரா ஊசி போட்டுப்பாரு?" என்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நேற்று பேராசிரியர் சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார். தண்ணீர் வற்றப்போகிற இடமெல்லாம் சிவப்பு. பதினேழாம் நம்பரைச் சுற்றி மட்டும் நீலம்.

"கோடையில பெரிய ஆஸ்பத்திரிக்கு இங்கேருந்துதான் தண்ணி. சாயந்திரம் ரிப்போர்ட்டுல கையெழுத்து போடறேன். எல்லாம் உங்க அளவ நம்பித்தாம்மா" என்றார்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. அவள் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். தண்ணீர் இல்லாவிட்டால் அந்த மெஷின் ஓடாது.

"வண்டிய எடுப்பா" என்றாள். நேரே குடோனுக்குப் போனோம்.

நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் கம்போடு ஓடினேன். டேப்பை விட்டாள். அவள் எழுதி வைத்த ஆழம் வந்தது, தாண்டிப் போனது. நுனியில் கட்டிய ஈயக்குண்டு அடித்தரையில் 'டொக்'கென்று மோதியது. இழுத்துப் பார்த்தால் சாக்பீஸ் பூசினது பூசினபடி இருந்தது. மறுபடி விட்டோம். அதே 'டொக்'.

"இப்பதான் வத்துச்சுன்னு சொல்லிடுங்கக்கா. வேலையாவது மிஞ்சும்" என்றேன். போனில் அப்படியேதான் சொன்னாள்.

பேராசிரியர் சிரித்தார். "ஒரே மாசத்துல எப்படிம்மா வத்தும்? டேப்புல ஏதாவது கோளாறு இருக்கும். பழைய அளவ வச்சே கையெழுத்து போட்டுடறேன்."

"போடாதீங்க சார்!" அக்கா அலறிவிட்டாள். "ஒரு வருஷமா அந்தக் கிணத்துப் பக்கமே நான் போகல. அதுல இருந்த தண்ணியெல்லாம் நான் எழுதினது சார்."