கௌசல்யா: பதில் போட்டுக்கொண்டே இருந்தவர்

செய்தி வந்தபோது நான் மின்சார ரயிலில் இருந்தேன். தாம்பரத்தில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்குவதற்குள் போனைப் பார்க்க நேரம் இருக்கும், மனம்தான் இருக்காது. நம் தமிழ்க் கீபோர்டுக் குழுவில் ஒரு செய்தி வந்தால் அது பெரும்பாலும் புகாராகத்தான் இருக்கும். ‘கீபோர்டு வேலை செய்யவில்லை, உடனே கவனிக்கவும்’ என்று யாராவது அதிகாரம் செய்திருப்பார்கள். அன்றைக்குக் கௌசல்யாவின் எண்ணிலிருந்தே வந்திருந்தது. சரி, அவரே பதில் போட்டுவிட்டார், நமக்கு வேலையில்லை என்று நிம்மதியாகத் திறந்தேன். ‘என் தங்கை கெளசல்யா காலமானார். இப்படிக்கு ஏழுமலை’ என்று இருந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கும் அதுதான் நடந்திருக்கும் என்பதால் வெட்கமில்லாமல் சொல்கிறேன். முதலில் என் கண்ணில் பட்டது சாவு இல்லை, எழுத்துப்பிழை. ‘கௌ’ என்று போட வேண்டிய இடத்தில் அவருடைய அண்ணன், கடைக் கணினியில் திறந்திருந்த அவர் கணக்கில், நம் கீபோர்டு இல்லாமல் ஒரு ‘கெ’ போட்டு, பக்கத்தில் ஒரு ‘ள’ போட்டிருந்தார். சாதாரணக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் கண் கெட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது. திருத்திச் சொல்ல விரல் போய்விட்டது. அப்புறம்தான் மற்ற சொற்கள் உறைத்தன. பல்லாவரத்தில் இறங்க மறந்து பரங்கிமலை வரை போய்விட்டேன்.

கௌசல்யாவை அறியாத யாராவது இதைப் படிக்கலாம். அவர்களுக்காக இரண்டு வார்த்தை. போனில் தமிழ் எழுத நாங்கள் ஒரு கீபோர்டு செய்து வைத்திருக்கிறோம். கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதை உருவாக்கியவர்கள் வேலை கிடைத்தும் வெளிநாடு போயும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்ட பிறகு, அதைக் கட்டிக் காத்தவர் கௌசல்யா. கூட நான் இருந்தேன். பொழிச்சலூரில் அண்ணன் நடத்தும் சிமென்ட், கம்பிக் கடையில் பில் போடுவது அவருடைய பிழைப்பு. எனக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. இரண்டு பேருமே கணினிப் படிப்பு படித்தவர்கள் இல்லை.

நாங்கள் இருவரும் குழுவுக்கு வந்தது ஒரே ஞாயிற்றுக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் அப்போது கூட்டம் நடக்கும். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மனைவி ஒட்டடை அடிக்கச் சொல்வாள் என்று உண்மையைச் சொன்னேன். கௌசல்யா வந்த காரணம் வேறு. கடையின் பில் கணினியில் தன் பெயரைத் தேடியிருக்கிறார். ‘பதிவு இல்லை’ என்று வந்திருக்கிறது. “நான் உசுரோட எதிர்ல குந்திகினு கீறேன், அது இல்லங்குது. யாரு சார் இத செஞ்சது? அவங்களப் பாக்கணும்” என்றார். யாரோ வேறொரு கம்பெனி செய்ததற்கு நாங்கள் என்ன பண்ணுவது என்று ஒருவர் கேட்டார். “அப்ப நானே செய்றேன், எங்க ஒக்காரணும்?” என்றார். உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

கோளாறு இதுதான். ஔகாரக் குறி இரண்டு துண்டாக நிற்கும். இடதுபக்கக் கொம்பு ‘கெ’யில் வருவதுபோலவே இருக்கும், வலதுபக்கத் துண்டு ‘ள’ போலவே இருக்கும். ஜனங்கள் கண்ணால் பார்த்து, கெ, ள என்று தட்டிவிடுவார்கள். கணினிக்குக் கண் இல்லை. அதற்கு அது வேறு சொல். பில் கணினியில் கௌசல்யாவின் பெயரையும் யாரோ அப்படித்தான் பதிந்திருந்தார்கள். ஓரளவு நிரல் எழுதக் கற்றதும் கௌசல்யா செய்த முதல் வேலை, யார் அப்படித் தட்டினாலும் கீபோர்டு தானாகவே ஔகாரமாக மாற்றிவிடும்படி எழுதியது. கௌரி, மௌலி, சௌந்தர், பௌர்ணமி என்று ஊரில் உள்ள பெயரையெல்லாம் தட்டிப் பார்த்தோம். எல்லாம் சரியாக வந்தது. கைதட்டி வெளியிட்டோம்.

பெயர்களை மட்டும் தட்டிப் பார்த்த புத்திசாலிகள் நாங்கள். உண்மையாகவே ‘ள’ வருகிற வெளியே, தெளிவு, வெள்ளரிக்காய் எதையும் தட்டவில்லை. தமிழ்நாட்டில் அந்தக் கீபோர்டு வைத்திருந்த ஒருவராலும் ‘வெள்ளிக்கிழமை’ என்று எழுத முடியாமல் போயிற்று. முதல் புகார் கானத்தூர் பக்கம் மீன் விற்கும் ஒரு அம்மாவிடமிருந்து குரல் செய்தியாக வந்தது. “இன்னாம்மா இது, கெளுத்தின்னு போட்டா கௌ கௌன்னு காட்டுது? நான் விக்கிறது மீனா காக்காவா? குரூப்புல அல்லாரும் சிரிக்கிறாங்க.” நானாக இருந்தால் பழைய பதிப்பைச் சத்தமில்லாமல் திரும்பப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல இருந்திருப்பேன். கௌசல்யா புகார் சொன்ன ஒவ்வொருவருக்கும், ‘இதை உடைத்தது நான்தான், சரிசெய்துகொண்டிருக்கிறேன்’ என்று பெயர் போட்டு எழுதினார். எதற்கு வம்பு என்று கேட்டேன். “கோடு எழுதறவன்லாம் டெவலப்பர் இல்ல ரவி. ஒடைச்சிட்டு ஓடாதவன்தான் டெவலப்பர்” என்றார். தன் பெயருக்காக வந்தவர் தன்னார்வலர் ஆனது அந்த வாரத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

மருந்தை அவரே கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் மாற்றக் கூடாது, ஔகாரம் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த சொற்களை மட்டும் மாற்ற வேண்டும். அந்தச் சொற்களைச் சேர்க்க அகராதி போதவில்லை, அதில் மனிதர்களின் பெயர் இருக்காது. ஆகவே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். பழைய டிவி, துருப்பிடித்த சைக்கிள், நாய்க்குட்டி, செடி என்று எல்லாம் விற்கிற அந்த நெரிசலில், ஜனங்கள் பொருளைப் பார்க்க, நாங்கள் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தோம். கௌரி பாத்திரக்கடை, சௌமியா டெய்லர்ஸ். ஒரு பழைய இரும்புக்காரர் எங்களைக் கார்ப்பரேஷன் ஆட்கள் என்று நினைத்து, “போர்டுக்கு வரி கட்டிட்டேன் மேடம்” என்றார். கௌசல்யா சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மாதிரி நாட்கள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அலுப்பு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். எங்கள் மாட்டுக்குப் பல்லைப் பார்த்து, வாலை முறுக்கி, கொம்புக்கு வர்ணம் சரியில்லை என்றும் எழுதினார்கள். காசு வாங்கிக்கொண்டு தமிழைக் கெடுக்கிறீர்கள் என்று ஒருவர் எழுதினார். ‘காசு எங்கே தருகிறார்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும், நானும் போய் வாங்கிக்கொள்கிறேன்’ என்று கௌசல்யா மரியாதையாகப் பதில் போட்டார். போன் கம்பெனிகள் வருஷா வருஷம் புதிய பதிப்பு விடும். ஒவ்வொரு தடவையும் எங்கள் கீபோர்டு எங்காவது உதிரும், உட்கார்ந்து ஒட்டவைக்க வேண்டும். போனில் அவரோடு பேசும்போது தலைக்கு மேல் விமானம் போகும். அது போகும்வரை இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். பிற்பாடு விமானம் போன பிறகும் பேச ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கிறோம். அவருடைய அண்ணன் ஒருநாள், “இதுல உனக்கு இன்னாதான் வருது?” என்று என் எதிரிலேயே கேட்டார். “கொட்டாவி வருதுண்ணா” என்றார் கௌசல்யா.

போன வருஷம் வண்டலூர் பக்கம் ஒரு கல்லூரியில் பயிலரங்கம் நடத்தினோம். நமக்குப் பிறகு ஆள் வேண்டுமே என்று கௌசல்யாவின் ஏற்பாடு. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். சான்றிதழ் எப்போது தருவீர்கள் என்று மட்டும் கேட்டார்கள், கொடுத்ததும் போய்விட்டார்கள். உயிரியல் பூங்கா நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். “பேஜாரா கீது ரவி. போதும்னு தோணுது” என்றார். எனக்கும்தான் என்றேன். நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அவர் சொன்னார்: “நிறுத்தலாம். ஆனா சொல்லிட்டு நிறுத்தணும். கடைய மூடறவன்கூட ஷட்டர்ல ஒரு பேப்பர் ஒட்டிட்டுத்தான் போறான். வந்தவன் வெயில்ல நின்னுகினு இருக்கக் கூடாதுல்ல. முடியலன்னா முடியலன்னு எழுதிடலாம், அதுவும் பதில்தான்.” பஸ் வந்தது. அவருக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது, என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த அறிவிப்பை எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது.

இரங்கல் கூட்டத்தை நம் டியூஷன் மாடியிலேயே வைத்தோம், நீங்களும் வந்திருந்தீர்கள். பேசியவர்கள் எல்லோரும் ‘அவர் பணியைத் தொடர்வோம்’ என்று முடித்தார்கள். தொடர்வோம் என்பது நல்ல சொல், அதில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் ஏழுமலை அண்ணன் எழுந்து கௌசல்யாவின் போனை நீட்டினார். “எந்தங்கச்சி இன்னா செஞ்சிகினு இருந்தான்னு எனக்குப் புரியலங்க. ஆனா இதுல மெசேஜ் வந்துகினே கீது. அவ இல்லன்னு தெரியாம கேட்டுகினே கீறாங்க. இவங்களுக்கு யாரு பதில் சொல்றது?” எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கௌசல்யாவைத் தின்றது போதாதா, அடுத்து நானா என்று நினைத்தேன். அண்ணனின் கை நீட்டியபடியே இருந்ததால் போனை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, இந்தக் கடை மூடப்பட்டது என்று எழுதிப் போட்டுவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், காத்திருப்பவர்களுக்கு ஒரு வரியாவது போட வேண்டும் என்று தோன்றியது. முதலில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். கண் மங்கிவிட்டது, பேசினால் அதுவே எழுத்தாக வரும்படி செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதினேன்: ‘ஐயா, முடியாது. அதற்கான அறிவு எங்களிடம் இல்லை, ஆளும் இல்லை. இதைக் கவனித்துவந்த கௌசல்யா இறந்துவிட்டார். மிச்சம் இருப்பது நான் ஒருவன், களைத்திருக்கிறேன். இருப்பதை உடையாமல் பார்த்துக்கொள்வேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.’ மூடுவதாக எழுத வந்தவன் ஞாயிற்றுக்கிழமை என்று ஏன் எழுதினேன் என்று இப்போதும் தெரியவில்லை. அனுப்பிவிட்டேன், அப்புறம் மாற்றவில்லை. அதே வரிகளைத்தான் நம் இணையப் பக்கத்திலும் அறிவிப்பாகப் போட்டிருக்கிறேன். மறுநாள் பெரியவரிடமிருந்து பதில் வந்தது: ‘பல இடங்களில் கேட்டேன் தம்பி. முடியாது என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. சொன்னதற்கு நன்றி.’

கௌசல்யாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான்: முடிந்தாலும் முடியாவிட்டாலும் பதில் போட்டுவிடுவது. இத்தனை வருஷமாக அவர் எவ்வளவோ சரிசெய்து கொடுத்தார். நன்றி என்று எழுதியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் முடியாது என்று சொன்னேன், எனக்கு நன்றி வந்தது. அது அவருக்குச் சேர வேண்டியது. அதை நான் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்?