பிஸ்கட்டவேயிலிருந்து பலெர்மோவுக்கு வழி

"அந்த மீன்காரரைப் பாத்து ஒருக்கால் சிரிச்சுப்போட்டு நேராய்ப் போங்கோ அன்ரி. நிண்டியள் எண்டால் வாள்மீன் தலையோடை உங்களைப் படம் எடுக்க விடுவார். பேந்து வாங்காமல் வெளிக்கிட ஏலாது."

இதைச் சொல்லும் ரொசாலியா நிற்பது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவே வீட்டுச் சமையலறையில், தோசைக்கல்லின் முன்னால். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனில், வீடியோ அழைப்பில், யாரோ ஒருவர் கையில் குலுங்கியபடி, பலெர்மோ நகரத்துச் சந்தை நகர்கிறது. இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவில் இருக்கும் அந்த ஊரில் அப்போது நடுப்பகல். இங்கே சனிக்கிழமை இன்னும் சரியாக விடியவில்லை. "ஸ்கூட்டர் வருது, ஒதுங்குங்கோ" என்று சொல்லும்போது அவளும் அடுப்போரமாக ஒதுங்குகிறாள். இடக்கைப் பக்கம் திரும்பச் சொன்னால் அவள் தோளும் திரும்பும். ஒரு தடவை வட்டப்பாதையைச் சுற்றி வரச் சொன்னவள், கரண்டியோடு தானும் ஒரு சுற்று சுற்றி நின்றாள்.

இத்தாலி போகிற பிஸ்கட்டவேத் தமிழ்க் குடும்பங்களுக்கு இவள்தான் வழிகாட்டி. ஆனால் ரோமாபுரி, வெனிஸ் என்றால் கையை விரித்துவிடுவாள். "நான் அங்கை விருந்தாளியாய்ப் போய் வந்த ஆள்" என்பாள். பலெர்மோவிலும் பேராலயம், அரண்மனை எல்லாம் அவள் கணக்கில் வராது. பலகை வைத்த இடத்துக்கு ஆள் எதற்கு, பலகை இல்லாத இடத்துக்குத்தான் ஆள் வேண்டும் என்பது அவள் கட்சி. டனிசின்னி என்ற பள்ளத்துக் குடியிருப்பில், ஊருக்கு நடுவே ஆடு மேய்கிற தோட்டத்துக்குள் இறக்கிவிடுவாள். உலகப்போரில் குண்டு விழுந்து கூரை போன பழைய தேவாலயத்துக்குள் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வாள். சைவக்காரர்களைக் கடலைமாவை வில்லை வில்லையாய்ப் பொரித்து ரொட்டிக்குள் வைத்து விற்கும் தள்ளுவண்டிக்கு நேராகக் கொண்டுபோவாள். தெருப் பெயர் சொல்ல மாட்டாள். பொரிக்கிற எண்ணெய் மணம், மாடியில் காயும் துணி, நாற்காலி போட்டு வாசலில் குந்தியிருக்கும் கிழவர், இவைதான் அடையாளம். கிழவர் எழுந்து உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். "போகமாட்டார்" என்றாள். போகவும் இல்லை.

புறப்படும்போது "அமுனி" என்பாள். பலெர்மோக்காரர்கள் 'வா, போவோம்' என்பதற்குச் சொல்லும் சொல். முதல் வகுப்புப் படிக்கும் மகள் மஹா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். பள்ளிப் பேருந்து வருகிற சத்தம் கேட்டால் மட்டும் அவளும் "அமுனி" என்று ஓடுவாள்.

ரொசாலியா பிறந்து வளர்ந்ததெல்லாம் பலெர்மோதான். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து போய்ச் சேர்ந்தவர்கள் பெற்றோர். அந்த ஊரைக் காக்கும் கிறிஸ்தவப் புனிதவதியின் பெயரையே, சைவர்களாக இருந்தும், பிள்ளைக்கு வைத்தார்கள். தாய் அவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனாள். தகப்பன் நாகமணி பணக்காரர் வீடுகளில் தரை துடைத்து, பிறகு சந்தைக்குப் பக்கத்துக் குறுகிய ஒழுங்கையில் சின்னதாய் ஒரு மரக்கறிக் கடை போட்டார். மகள் படித்துக்கொண்டே வெளிநாட்டுக்காரர்களைச் சந்துபொந்தெல்லாம் கூட்டிக்கொண்டு அலைந்தாள். அப்படி வந்த கூட்டத்தில் ஒருவன்தான் சுஃபியான். கீழக்கரைக்காரன், நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலை. அவள் போனில் தகப்பனோடு தமிழில் பேசுவதைக் கேட்டு, கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னால் வந்து நின்றவன்.

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்குப் பிறந்த நாட்டுக்கொரு வரிசை. மனைவி பிறந்த நாடு இத்தாலி என்பதால் சுஃபியானுக்கு இத்தாலி வரிசையிலேயே கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. இந்திய வரிசையில் தலை நரைத்துக்கொண்டிருக்கும் அலுவலக நண்பர்கள், "பொண்ணு பாக்கறதுன்னா இவன மாதிரி மேப்ப வச்சு பாக்கணும்" என்று கேலி செய்வார்கள். ரொசாலியாவும் கூடச் சிரிப்பாள்.

நாகமணி சிரிக்கவில்லை. மாப்பிள்ளை முஸ்லிம், இந்தியாக்காரன், மகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறவன். மூன்றில் எது அவருக்கு அதிகம் உறைத்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. சண்டை போடவில்லை அவர். மரக்கறிப் பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டே ஒரே வசனம் சொன்னார்.

"அப்ப இனி இந்த ஒழுங்கைக்குள்ளை வராதை."

அந்த வசனத்தை அவள் அட்சரம் பிசகாமல் காத்தாள். தன் காலால் மட்டுமல்ல, பிறர் காலாலும் அந்த ஒழுங்கைக்குள் அவள் போகவில்லை. சந்தையில் அந்தத் திருப்பம் வரும்போதெல்லாம், "வலக்கைப் பக்கம் இறங்காதையுங்கோ, அங்கை பாக்க ஒண்டும் இல்லை" என்பாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. பார்க்க ஒன்றும் இல்லாத இடங்களைப் பார்க்கத்தானே இவளை அழைத்தோம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

சென்ற மார்ச்சில் ஷ்யாமளாவும் சுந்தரராமனும் போனார்கள். அதே குடியிருப்பில் இருக்கிற, ஓய்வுபெற்ற தம்பதி. ஷ்யாமளா ரொசாலியா சொன்னபடி நடக்கிறவர். சுந்தரராமன் மனிதர் சொல்வதைவிட மேப் சொல்வதை நம்புகிறவர். சந்தையில் கூட்டம் நெரிந்த இடத்தில் ஷ்யாமளாவின் போனில் சிக்னல் போனது. அந்த இடைவெளியில் சுந்தரராமன் தன் போனைப் பார்த்து, குறுக்குவழி இருக்கிறது என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு வலக்கைப் பக்கம் இறங்கிவிட்டார்.

படம் திரும்ப வருவதற்கு முன் குரல் வந்தது.

"எங்கையிருந்து வாறியள்?"

ரொசாலியா தோசையைத் திருப்பிப் போடவில்லை. திரையில் வாழைக்காய்ப் பெட்டி தெரிந்தது. முருங்கைக்காய்க் கட்டு தெரிந்தது. தராசில் வெண்டிக்காயைக் கொட்டும் கை தெரிந்தது. அந்தக் கையில் இப்போது நரம்பு புடைத்திருந்தது. இணைப்பைத் துண்டிக்க விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் ஷ்யாமளா அவரிடம் ஆசையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"எங்க ஊர்ல இருக்கற பொண்ணுதான் எங்களுக்கு போன்லயே வழி சொல்றா. இங்கயே பொறந்தவ. பேரு ரொசாலியா. பேசறீங்களா?"

வெண்டிக்காய் கொட்டுவது நின்றது. நாகமணி கையை மேலங்கியில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார், பிறகு நீட்டினார். போன் கைமாறியது. ரொசாலியா சட்டென்று அடுப்பின் மறுபக்கம் நகர்ந்துகொண்டாள். அவர் திரையில் சமையலறை அலமாரி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"ஆளைக் காணேல்லை" என்றார்.

"நிக்கிறன் அப்பா." பிறகு அவசரமாகச் சொன்னாள், "நான் வரேல்லை. அவைதான் வழி தவறி வந்திட்டினம்."

சுந்தரராமன் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஷ்யாமளாவுக்கு அதற்குள் பாதி புரிந்திருக்க வேண்டும், கணவரின் முழங்கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டார்.

"சனி, ஞாயிறிலை தமிழ் ஆக்கள் போனோடை கதைச்சுக்கொண்டு ஒழுங்கை வாசலாலை போறவை" என்றார் நாகமணி. "ஒருத்தரும் உள்ளுக்கை வாறேல்லை. ஆர் இப்பிடி வழி சொல்லுறது எண்டு யோசிச்சனான்."

பதிலுக்கு நிற்காமல் அவர் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கினார். படம் அவர் நடைக்கு ஏற்றபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. முன்பு அவர் அப்படி நடந்ததில்லை. தச்சுப்பட்டறை மூடிவிட்டது என்றார். அந்த இடத்தில் இப்போது வங்காளப் பெடியள் தைக்கிறார்கள் என்றார். சுவரில் புனிதவதியின் மாடத்துக்குப் புது மின்விளக்கு போட்டிருந்தது. யார் போட்டது என்று அவர் சொல்லவில்லை. ரொசாலியா அடுப்பை அணைத்துவிட்டு, இடம் வலம் எதுவும் சொல்லாமல், அவர் கொண்டுபோன இடமெல்லாம் போனாள்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் படம் நின்றது. சந்தை இரைச்சல் கேட்டது.

"அங்கை விடிஞ்சிட்டுதே?" என்று கேட்டார்.

"ஓம். இப்பதான்."

"எப்பிடியான இடம்?"

அவள் போனைக் கையில் எடுத்தாள். மேல்கோட்டு போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுச் செருப்போடு கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கார்கள், தபால் பெட்டி வரிசை, வண்டிகள் ஒதுக்கித் தள்ளிய அழுக்குப் பனி. பலெர்மோவிலிருந்து பார்க்கிறவருக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஒரு கணம் தயக்கமாக இருந்தது.

"இடக்கைப் பக்கம் பாருங்கோ. அந்த மரத்துக்குக் கீழை. அதிலைதான் மஹா பள்ளிக்கூட பஸ் ஏறுறவள்."

மஹா யார் என்று அவர் கேட்கவில்லை.

"எந்த இடத்திலை? கிட்டப் போய்க் காட்டு" என்றார்.

ரொசாலியா மரத்தடிக்குப் போய்க் குனிந்தாள். ஓரத்தில் உருகாமல் கிடந்த பனியில், முதல் நாள் பதிந்த ஒரு சின்னச் சப்பாத்துக் கால்தடம் உறைந்து கிடந்தது. போனை அதற்கு நேரே பிடித்தாள். அளவு தெரியட்டும் என்று, அதன் பக்கத்தில் பனிமேல் தன் கையை விரித்து வைத்தாள்.