கறுப்புப் பைக்குள் இரண்டு கைகள்

பாண்டிராஜுக்கு அந்தப் பழைய கேமரா மேல் ஆசை ஒன்றும் கிடையாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று வெம்பக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் அவர் தோளில் தொங்குவது டிஜிட்டல் கேமராதான். கேட்டால் வாடகைக்கு டிரோன் எடுத்துப் பறக்கவும் விடுவார். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த அந்தப் பெட்டிக் கேமராவை, சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்காக வாங்கினார். மாப்பிள்ளைக்குப் பிலிமில் எடுத்த படம்தான் வேண்டுமாம். அந்தக் கல்யாணம் முடிந்து மிஞ்சிய ஒரு ரோலை வீட்டில் வைத்து மாட்டினார். அந்த ரோல் இன்னும் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. அதில் அவர் மனைவி அய்யம்மாள் இருக்கிறாள்.

அய்யம்மாள் போட்டோவுக்கு நிற்கமாட்டாள். இழுத்து நிறுத்தினாலும் கேமராவைப் பார்க்கமாட்டாள். போட்டோக்காரர் வீட்டில் படத்துக்கா பஞ்சம்? ஆனால் எதிலும் அவள் முகம் முழுசாக விழவில்லை. திரும்பிய கன்னம், வாயை மூடிய சேலைத் தலைப்பு, குறுக்கே நீட்டிய கை. "ஒருத்தர் என்னையவே உத்துப் பாத்துக்கிட்டு நின்னா கூச்சமா இருக்காதா?" என்பாள்.

இந்தக் கேமராவில் அப்படி உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேல்கண்ணாடியில் பார்க்க வேண்டும். வாசலில் அவளை நிறுத்தி அவர் குனிந்தபோது அய்யம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதென்ன, என்னையப் பாக்காம பெட்டிக்குள்ள எட்டிப் பாக்கீக?"

"பெட்டிக்குள்ளதான் நீ இருக்க."

அவள் நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தபோது அவருக்கே புதிதாக இருந்தது. அது ஏழாவது படம். அடுத்ததற்குக் கைப்பிடியைச் சுற்றினார். பாதி வந்து நின்றுவிட்டது. "நான் நின்னதுல உங்க கேமராவும் நின்னுபோச்சு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்துவிட்டார்.

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சலில் அய்யம்மாள் போய்விட்டாள். சுவரில் மாட்டுவதற்கு ஆதார் அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்க முடிந்தது. மகள் பானுப்பிரியா அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "யாரோ பிடிச்சிட்டு வந்து நிறுத்தின மாதிரி இருக்காப்பா. அந்த ரோல எடு. வருசம் திரும்புறதுக்குள்ள எடு."

எடுக்கத் தெரியாமல் இல்லை. ஷட்டரை அழுத்திப் பார்த்தார். ஒருவேளை அது விழாமல் கைப்பிடியைப் பிடித்து வைத்திருக்கலாம். ஷட்டர் ஏற்கெனவே விழுந்துதான் இருந்தது. கைப்பிடியைக் கொஞ்சம் பின்னால் விட்டு மறுபடி முன்னால் சுற்றினார். பாதி தூரம், அப்புறம் சுவரில் இடித்த மாதிரி ஒரு நிறுத்தம். இன்னும் பலம் கொடுத்தால் உள்ளே பிலிம் கிழியும். மதுரையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். "பின்மூடியத் திறந்தா ஒரு நிமிச வேலைண்ணே. பிலிம் போயிரும், கேமரா பிழைச்சிரும்" என்றார் அவர்.

"கேமரா போனாப் போகுது. பிலிம் பிழைக்கணும்."

"அப்ப இருட்டுல வச்சு நீங்களேதான் திறக்கணும்."

அதற்காகத்தான் இந்தக் கறுப்புப் பை. இரண்டு அடுக்குத் துணி, ஜிப், கையை நுழைக்க எலாஸ்டிக் வைத்த இரண்டு சட்டைக்கை. கேமராவை உள்ளே வைத்து மூடிக் கைகளை நுழைத்துக்கொண்டால் உள்ளே துளி வெளிச்சம் வராது.

பானுப்பிரியா வேலைக்குப் போனபிறகு பாயில் உட்கார்ந்து ஆரம்பித்தார். பி.காம் படித்தவளைக் கணக்கு எழுதத்தான் பட்டாசுக் கம்பெனியில் சேர்த்தார்கள். சீசன் வந்ததும் பேக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். வேறு எங்கே போவது என்று அவளும் இருந்துவிட்டாள்.

பைக்குள் விரல்கள் பின்மூடியைத் திறந்தன. பிலிம் மேல்பக்கம் சுற்றிக்கொள்ளும் சுருளைத் தடவினார். அதன் ஓரம் பக்கத்து இரும்பு உருளையோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை. நகத்தால் சுரண்டினார். காய்ந்த பசை உதிர்ந்தது.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ரோலை மாட்டும்போது பிலிமோடு சேர்ந்து வரும் காகிதத்தின் நுனி, சுற்றிக்கொள்ளும் ஸ்பூலின் வெட்டில் நிற்காமல் நழுவி நழுவி வந்தது. பக்கத்தில் பட்டாசுக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்த அய்யம்மாள், "கொண்டாங்க இங்கன" என்று வாங்கி, மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையில் விரலைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்து ஒட்டிக் கொடுத்தாள். அவள் ஒட்டியது பிரியாது. அந்தப் பசைதான் பிதுங்கிக் காய்ந்திருக்கிறது.

அவளைத் திட்ட வேண்டும் போலிருந்தது. சுருளை மெல்ல விடுவித்தார். இனி கையாலேயே சுற்றி முடித்துவிடலாம். ஆனால் ஏழாவது படம் இன்னும் சுருளுக்குள் போகவில்லை. கைப்பிடி நின்ற இடத்தில், பாதி வெளியே விரிந்து கிடக்கிறது. அதன் மேல் நாலைந்து சுற்றுக் காகிதம் விழுந்தால்தான் பத்திரம். உள்ளங்கை வியர்த்தது. வியர்வை பட்டால் பிலிமில் தடம் விழும் என்று ஓரத்தை மட்டும் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டது.

இடி என்றால் இழுத்து உருளும். கல்குவாரி என்றால் வரிசையாக வரும். இது ஒரே அடி. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பாய்க்குக் கீழே தரை குலுங்கியது.

பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. கையை எடுக்க முடியாமல், குனிந்து மூக்கால் தள்ளி எடுத்தார். ஸ்பீக்கரையும் மூக்காலேயே அமுக்கினார். மச்சினன் மாரீஸ்வரன்.

"மச்சான், சத்தம் கேட்டீகளா?"

"எங்கனலே?"

"கிழக்க புகை தெரியுது. பானு கம்பெனிப் பக்கந்தான். அவளுக்குப் போட்டுப் பாருங்க."

"அவ போனு கம்பெனி கேட்டுல வாங்கி வச்சிருப்பாகள்ல."

"அப்ப கிளம்புங்க! என்ன செய்றீக?"

"கை ரெண்டும் பைக்குள்ள மாட்டிருக்குலே."

"பைக்குள்ளயா? என்ன பேசுதீக, கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

இணைப்பு அறுந்தது. பாண்டிராஜ் எழுந்திருக்கவில்லை. கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு சுற்று, மூன்று சுற்று. சுற்றிவிட்டால் அவள் பத்திரம். எவள் என்று அவர் மனம் கேட்டது. தெருவில் பெண்கள் கிழக்கே பார்த்து ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. அப்போதும் கை நிற்கவில்லை. அது நிற்கவில்லை என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

கைகளை வெளியே இழுத்தார். முழங்கையில் எலாஸ்டிக் இறுக்கிப் பிடித்தது. பையே கூட எழும்பி வந்தது. உள்ளே சுருள் நழுவி விழுந்து தளர்கிற மெல்லிய சரசரப்பு கேட்டது. பையை உதறினார். சட்டைகூடப் போடாமல் வண்டியை எடுத்தார்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்றார்கள். பானுப்பிரியாவின் தலைமுடியிலும் புருவத்திலும் பட்டாசில் போடும் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும், "இங்க இல்லப்பா, அடுத்த கம்பெனி. வெடிமருந்து ரூமாம்" என்றாள். "செத்தவுக பேரு இன்னும் சொல்லல." அப்புறம் அவருடைய வெறும் உடம்பைப் பார்த்து, "சட்ட எங்க?" என்றாள். அவர் வண்டியைத் திருப்பினார்.

பாதி வழியில் பின்னாலிருந்து கேட்டாள். "ரோல எடுத்துக்கிட்டு இருந்தியா?"

"ம்."

"வெளிச்சம் பட்டிருச்சா?"

"பட்டிருக்கும். எம்புட்டுன்னு தெரியல."

வீட்டில் பை அப்படியே சுருண்டு கிடந்தது. பானு கதவையும் ஜன்னலையும் அடைத்தாள். அவர் மறுபடி கைகளை நுழைத்ததும் எதிரே உட்கார்ந்து, இரண்டு சட்டைக்கையின் வாயையும் அவர் முழங்கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் தேடி எடுத்துச் சுற்றி முடித்தார். வெளியே வந்தபோது ரோல் அவர் விரல் நீளம்கூட இல்லை.

"எப்ப அனுப்புவ?"

"பாப்போம் பாப்பா. கழுவிப் பாத்து ஒண்ணும் இல்லன்னா? இப்படியே இருந்தா, உள்ள இருக்கான்னு நினைச்சுக்கிடலாம்ல."

"நீ நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. புதன்கிழமை வேலைக்கு வரச் சொல்லிருக்காக. அதுக்கு முன்ன ஒரு தடவ நான் அம்மா முகத்தப் பாக்கணும்."

"போகாத."

"போகாம?"

அவர் வண்டிச் சாவியைத் தேடினார். ரோலை வெள்ளித்தாளில் சுற்றி அவளே கையில் வைத்துக்கொண்டாள். பிலிம் கழுவுகிற இடம் சென்னையில் இருக்கிறது. இன்றைக்கே கூரியரில் போட்டாலும் படம் புதன்கிழமைக்குள் வராது, இரண்டு வாரமாவது ஆகும். அது இருவருக்குமே தெரியும்.