பூனைக்குக் கதவு திறந்த கணக்கு வாத்தியார்

இலுப்பூர் வண்டி விராலிமலையில் நின்றதும் கண்டக்டர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். "ஐயா, காதர் மைதீன் சார் காலையில தவறிட்டாங்க. மத்தியானத்துக்கு மேல அடக்கமாம்" என்றார். கண்டக்டரும் எங்கள் இருவரிடமும் படித்தவர்தான். விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். வண்டியில் இருந்த யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. அதே வண்டி திரும்பும்போது நானும் என் மனைவி செல்லமும் ஏறிக்கொண்டோம்.

இலுப்பூர்ப் பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். அவரிடம் படித்த உங்களுக்கு நான் அவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சரியான விடையோடு போய் நின்றவனைக்கூட, "விடை வந்திருச்சு, சரி. எந்த வழியா வந்துச்சு?" என்று கேட்டு நிற்கவைப்பாரே, அது ஒன்று போதும். அந்தக் கேள்விக்குப் பயந்து விடையை மறைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் நான் இப்போது சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது. அது ஒரு பூனை விஷயம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், நானும் முதலில் சிரித்தவன்தான்.

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். எங்கள் ஒரே மகள், நடை பழகிக்கொண்டிருந்தவள், காய்ச்சலில் போய்விட்டாள். இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'வாரேன்' என்று சொல்வதில்லை, பேசாமல் எழுந்து போவார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். காரியமெல்லாம் முடிந்த பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அப்படியேதான் போனார்கள். செல்லத்தின் முகத்தைப் பார்த்து 'வாரேன்' என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. பிறகு வருவதும் குறைந்தது. அவள் அழவில்லை, பேசவில்லை, வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். நான் பள்ளிக்குக் கிளம்பினால் என் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளையும் இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மைதீன் சார் ஒரு நாள் வந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், எழுந்து, "வாரேன் தங்கச்சி" என்றார். எனக்குத் திக்கென்றது. செல்லம் பதில் சொல்லவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் மறுபடி வந்து நின்றார்.

கொஞ்ச நாள் கழித்து, தன் வீட்டில் வளர்ந்த ஒரு பெண் பூனையை எங்களுக்குத் தந்தார். வழி தெரிந்தால் பூனை பழைய வீட்டுக்கே ஓடிவிடும் என்பார்களே, அதனால் நான் அதைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருக்கிற என் வீட்டுக்கு ஊரையே சுற்றி வந்தேன். கடைத்தெருவில் எதிரே வந்த மைதீன் சார், "பூனைக்கு வழி மறந்திருக்கும். ஒங்களுக்கு நெனப்பிருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். சாக்கை அவிழ்த்ததும் அது நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. செல்லம் அதற்கு எதிரே போய் உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

வெளியே விட்டால் அது திரும்பாமல் போகலாம். போனால் செல்லம் என்ன ஆவாள்? எப்போது கதவைத் திறக்கலாம் என்று மைதீன் சாரைக் கேட்டேன். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, இத்தனை நாள் என்று ஓர் எண்ணைச் சொல்வார் என்று பார்த்தேன். "அதுக்குக் கணக்கு இல்லை சார். நான் வந்து பாக்குறேன்" என்றார். தினமும் வந்தார். எங்கள் சைவ வீட்டுக்குள் இலையில் மடித்த கருவாடு வந்தது. செல்லம் மூக்கைச் சுளிக்காமல் வாங்கிச் சோற்றில் பிசைந்து வைத்தாள். பூனை மெல்ல வெளியே வந்தது. தட்டுச் சத்தம் கேட்டால் ஓடிவந்தது, அவள் மடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கியது.

பிறகு கதவைப் பிறாண்டத் தொடங்கியது. மதிலில் ஓடும் அணிலைப் பார்த்து ஜன்னலில் நின்று கத்தியது. என் காது போய்விட்டது. மைதீன் சார் வருவார், பார்ப்பார், "இன்னும் ஆகலை" என்பார், "வாரேன் தங்கச்சி" என்பார், போவார். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. தெருவில் அவர் கூடவே நடந்து, பூனைதான் நன்றாகப் பழகிவிட்டதே, இன்னும் எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பூனை எப்பவோ பழகிருச்சு சார்" என்றார். "நான் பூனையைப் பாக்க வரலை."

கணக்கு வாத்தியார்களுக்கே உள்ள குசும்பு என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பினேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அவர் வழக்கம்போல் "வாரேன் தங்கச்சி" என்றார். பூனையை மடியில் வைத்திருந்த செல்லம், தலை நிமிராமல், "வாங்கண்ணே" என்றாள். செருப்பு மாட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். என்னிடம் திரும்பி, "நாளைக்குத் திறக்கலாம் சார். சோறு வைக்கிறதுக்கு முன்னாடி, பசியோட விடுங்க" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு மனிதர் தினமும் வந்து, ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி மறுநாள் வந்து நின்று, அதற்குப் பதில் வரும்வரை காத்திருந்திருக்கிறார்.

மறுநாள் செல்லமே கதவைத் திறந்தாள். பூனை வாசற்படியில் நின்று மோந்து பார்த்தது. "போயிட்டு வா" என்றாள் அதனிடம். அது மதிலேறி அந்தப் பக்கம் குதித்தது. பிறகு காணோம். வெயில் இறங்கியது. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலிலேயே நின்றாள். மைதீன் சாரும் போகவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது கிணற்றடியில் கைகால் முகம் கழுவிக்கொண்டு, என் துண்டை வாங்கி எங்கள் முற்றத்திலேயே விரித்துத் தொழ நின்றார்.

அவர் குனிந்து நிமிர்ந்த நேரத்தில் பூனை மதிலிலிருந்து இறங்கியது. நேராக வந்து, அவர் நெற்றி வைக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து தன் முன்காலை நக்கத் தொடங்கியது. அவர் தொழுகையில் இருந்ததால் எங்களால் அதைக் கூப்பிட முடியவில்லை. அவராலும் ஒன்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் தள்ளி, பூனையின் பக்கத்தில் நெற்றியை வைத்தார். நான் கோயில் கோயிலாகப் போனவன். அன்று என் வீட்டு முற்றத்தில் நின்றபோது வந்த பயபக்தி எனக்கு வேறெங்கும் வந்ததில்லை. செல்லம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மகள் போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

அந்தப் பூனை பல வருஷம் வெளியே போய் வந்துகொண்டிருந்தது. அதன் காலம் முடிந்த பிறகுதான் நாங்கள் விராலிமலைக்கு வந்தோம்.

அன்று இலுப்பூரில் அடக்கம் முடிந்து கிளம்பினோம். பெண்கள் இருந்த அறையை விட்டு வந்த செல்லம், சாரின் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "வாரேன் மதினி" என்றாள். கூட இருந்தவர்கள் பதறிப்போனார்கள். நான் அவள் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை.

போகிறவர் 'வாரேன்' என்பது மங்கல வழக்கு என்று எத்தனையோ வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். சொன்னவர் மறுநாள் வந்து நிற்கவும் வேண்டும் என்பது என் இலக்கணத்தில் இல்லை. அதை மைதீன் சாரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். செல்லம் வைத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. மறுநாளே முதல் வண்டியில் இலுப்பூருக்குப் போனாள். இன்றைக்கும் போய் வந்தாள். அந்த அம்மா இன்னும் வாய் திறக்கவில்லையாம். இன்னும் எத்தனை நாள் போவாய் என்று கேட்டேன்.

"அதுக்குக் கணக்கு இல்லை" என்றாள்.