கம்பளி போர்த்திய பம்பை

கொரட்டூர் அம்மன் கோயிலில் பம்பை அடிக்கிற என்னை, பியானோ வைத்த ஒரு நாடகப் பாட்டுக்கு அடிக்கச் சொல்லி இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் பட்டணத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒத்திகையில் நான் அடித்ததும் பாட்டே கேட்கவில்லை என்று பம்பை மேல் கம்பளியைப் போர்த்தினார்கள்.

"இதுக்கு இன்னா குளிர் ஜொரமா? எடுங்க, இல்லாங்காட்டி நான் ஊட்டுக்குப் போறேன்" என்றேன்.

"தாராளமா போ" என்றார் மேனேஜர்.

பாட வந்த அம்மாள் எழுந்துவிட்டார். "அவரு போனா நானும் போறேன். சத்தம் ஜாஸ்தின்னா தள்ளி நிக்க வையுங்க."

கதவைத் திறந்து வைத்து, என்னை வராந்தாக் கோடியில் நிறுத்திப் பதிவு செய்தார்கள். தட்டில் என் பேரைப் போடவில்லை, திருட்டுப் பயல்கள். ஆனால் ஒவ்வொரு அடியும் கணீரென்று விழுந்திருக்கிறது.