பச்சைச் சீட்டில் எழுதிய பெயர்

போன வாரம் என் தங்கை மகள் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். அவள் வக்கீல். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டே, அவர்கள் வழக்கறிஞர் சங்கத்துக் குடும்பச் சட்டக் குழுவின் வருடாந்திர விருந்துக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று கேட்டாள். சேலை விஷயத்தில் என்னிடம் யாரும் கருத்துக் கேட்டு ஏமாந்ததில்லை. ஆனால் அன்றைக்கு அந்தச் சாயத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். "என்ன பெரியம்மா, தலை சுத்துதா?" என்று எழுந்து வந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

உங்களுக்கு ஸ்டென்சில் காலம் தெரியுமோ என்னவோ. மெழுகு பூசிய தாளில் டைப் அடித்து, அதை உருளையில் மாட்டிச் சுற்றினால் நூறு பிரதி வரும். அடிக்கும்போது எழுத்துப் பிழை வந்துவிட்டால், சின்னச் சீசாவில் இருக்கும் சிவப்புத் திரவத்தைத் தொட்டு அந்த இடத்தில் பூசி, வாயால் ஊதிக் காயவைத்து, மேலேயே சரியான எழுத்தை அடிக்கவேண்டும். அந்தத் திரவத்துக்கு நகச்சாயத்தின் வாசனைதான். கல்யாணத்துக்கு முன் என் ஆறு வருடங்கள் அந்த வாசனையில் கழிந்தன. என்னிடம் சீசா சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கான்வென்ட் படிப்பு முடிந்து, மாப்பிள்ளை அமையும்வரை சும்மா இருக்கவேண்டாம் என்று அப்பா என்னை மலாக்காவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை அமைய ஆறு வருடம் பிடித்தது. அதற்குள் எனக்கு டைப்பிங்கும் வந்துவிட்டது, வாயும் நீண்டுவிட்டது. ஆபீஸ் ஆற்றங்கரைக் கடைவீட்டின் மாடியில் இருந்தது. தண்ணீர் வற்றினால் சேற்று வாடை, கீழ்க்கடையில் பெட்டி திறந்தால் பெலாச்சான் என்கிற இறால் விழுதின் வாடை. எங்கள் வக்கீல் கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கோர்ட்டில் இருந்தாலும் கோயிலில் இருந்தாலும் ஒரே கோட்டு. ஊர் வக்கீல்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அதனால் சங்கத்தின் தட்டச்சு வேலையும், ரப்பர் எஸ்டேட் ஆட்கள் பேசுவதை எழுதிக்கொள்ளும் வேலையும் என் தலையில் விழுந்தன.

சங்கத்தில் மொத்தம் பதினேழு வக்கீல்கள். அந்தப் பதினேழு பேரையும் மூன்று குழுவாகப் பிரித்திருந்தார்கள்: நில விவகாரக் குழு, தொழிலாளர் நஷ்டஈட்டுக் குழு, அவசரகாலச் சட்டக் குழு. மூன்றிலும் இருந்த ஒரு சீன வக்கீல், தனக்குத்தானே மூன்று அழைப்புக் கடிதம் அனுப்பிக்கொள்வார், நான்தான் அடித்துக் கொடுப்பேன். ஒவ்வொரு குழுவுக்கும் வருடத்துக்கு ஒரு சொற்பொழிவு, ஒரு சிறு கையேடு, வெளியூரில் ஒரு இலவச ஆலோசனை நாள். நிலக் குழுவினர் செர்காம் கடற்கரைப் பக்கம் போய் மீனோடு திரும்புவார்கள். நஷ்டஈட்டுக் குழு செலண்டாரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உட்காரும். அவசரகாலக் குழு ஜாசின் பள்ளிக்கூடத்தில். வருடக் கடைசியில் ஆண்டறிக்கை, அதன் பிறகு விருந்து. விருந்தில் எந்தக் குழு அதிகம் உழைத்தது என்று ஒரு சண்டை வரும். அதுவும் வருடா வருடம்.

வெளியூர் நாட்களுக்குக் கனகசபை ஐயா ஒரு முறை வைத்திருந்தார், அதில் அவருக்கு ஏகப் பெருமை. வருகிறவர்கள் முதலில் என்னிடம் வரவேண்டும். நான் விஷயத்தைக் கேட்டுச் சீட்டில் எழுதவேண்டும். நிலம் என்றால் மஞ்சள் சீட்டு, வேலையில் அடிபட்டது என்றால் பச்சை, அவசரகாலம் என்றால் ரோஜா நிறம். அன்றைய குழுவின் நிறம் வக்கீல்கள் மேசைக்குப் போகும். மற்ற நிறங்கள் மறுநாளே அந்தந்தக் குழுவுக்குப் போய்விடும். யாரும் வெறும் கையோடு திரும்பக்கூடாது என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். நிறத்தைத் தீர்மானிக்கிறவள் நான் என்பதுதான் அதிலிருந்த ஓட்டை.

அவசரகாலம் என்றால், வெள்ளைக்கார அரசு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட காலம். அப்போது எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களை வேலிக் கதவில் சோதிப்பார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று. விடியுமுன் போய் வெயில் ஏறி வருகிறவர்கள் அதுவரைக்கும் பட்டினி. பேப்பரில் இதைப் படித்திருந்தேன். படித்தது வேறு, பார்த்தது வேறு. நஷ்டஈட்டுக் குழுவின் நாளுக்குப் போகும்போது செலண்டார் சாலையில் சிப்பாய்கள் எங்கள் காரை மறித்தார்கள், என் மடியில் நாலு பேருக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இருந்தது. இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டேன். கனகசபை ஐயா கோட்டுப் பையிலிருந்து ஒரு அட்டையைக் காட்டினார். சிப்பாய் என் மடியைப் பார்த்தான், சிரித்தான், கையை அசைத்துப் போகச் சொன்னான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். விரல் போனவர்கள், பால் உறையவைக்கும் இடத்தில் அமிலம் பட்டவர்கள், லோரி ஏறிக் கால் போனவர்கள். வரிசையின் நடுவில், இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பெயர் அஞ்சலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள். படித்த பெண் யாராக இருந்தாலும் அவளுக்கு டீச்சர்தான்.

"டீச்சரம்மா, எங்க வீட்டுக்காரரு கை முறிஞ்சிருச்சு. மொதல்ல அதத்தான் எழுதணும் நீங்க. எந்தக் கையில வெட்டுவாரோ அந்தக் கை."

"எப்படி முறிஞ்சது அக்கா?"

"லோரியில ஏத்தும்போது விழுந்துட்டாருலா. அவருக்கு வயித்துப் புண்ணு. வெறும் வயித்துல இருக்க முடியாது. பால் வாளிக்குள்ள ஒரு டப்பாவுல கஞ்சி வச்சு நாந்தான் குடுத்தேன். நான் குடுக்காம இருந்திருக்கலாம்."

அவள் அழத் தொடங்கினாள், குழந்தையும் சேர்ந்துகொண்டது. அவளுக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர். நான் கை முறிவு, லோரி, பால் வெட்டுத் தொழிலாளி வீராசாமி என்று எழுதி முடித்திருந்தேன். பச்சைச் சீட்டில். கஞ்சி என்ற சொல் என் காதில் விழுந்தது, கையில் விழவில்லை. அவள் முந்தானை முடிச்சிலிருந்து நாலாக மடித்த ஒரு கடுதாசியை எடுத்துக் கொடுத்தாள். இங்கிலீஷ் கடுதாசி. எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, பிரிக்காமல் பின்னால் குண்டூசி குத்திவிட்டேன்.

"வக்கீலுங்க பாத்துக்குவாங்கதானே டீச்சரம்மா?"

"பார்ப்பாங்க அக்கா. கடுதாசி வரும்."

மத்தியானம் பெருமழை. சிப்பாய்கள் சாலையை மூடுமுன் ஊர் திரும்பவேண்டும் என்று மூன்று மணிக்கே எழுந்துவிட்டோம். மேசைக்குப் போகாத பச்சைச் சீட்டுகள் பெட்டியில் வந்தன, குழுவின் அடுத்த கூட்டத்தில் பார்ப்பதாக. நஷ்டஈட்டு வழக்குகளுக்கு அவசரம் இல்லை, முறிந்த கை எங்கே போகப்போகிறது என்று ஒருவர் காரில் வேடிக்கையாகச் சொன்னார். ரோஜாச் சீட்டுகள் நாலு இருந்தன. அவற்றை மறுநாள் காலை நானே நடந்துபோய் அவசரகாலக் குழுவின் வக்கீலிடம் கொடுத்தேன். நாலு பேருக்கும் மனுப் போட்டார்கள், அதில் இரண்டு பேர் வீடு திரும்பினார்கள்.

நஷ்டஈட்டுக் குழு இரண்டு மாதம் கழித்துக் கூடியது. கனகசபை ஐயா சீட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒன்றில் குண்டூசியை உருவினார். கடுதாசியைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். அது வேலியில் கஞ்சியோடு பிடிபட்ட வீராசாமியைக் காவலில் வைத்த உத்தரவு. அவள் சொன்ன லோரி அவரைப் பிடித்துப்போன லோரி. ஆட்சேபம் இருந்தால் இன்ன நாளுக்குள் எழுதித் தரவேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. அஞ்சலை எங்களிடம் வந்த அன்றைக்கு அந்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவர் உடனே போன் போட்டார். அன்று முழுவதும் போட்டார். வீராசாமியை இந்தியாவுக்குக் கப்பலேற்றிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது என்று சாயங்காலம் பதில் வந்தது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்றும் சொன்னார்களாம்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிள்ளை, இதை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். சங்கத்துக்குக் கெட்ட பேர் வந்தால் அடுத்த முறை சனம் வராது. வராவிட்டால் ஆருக்கு நட்டம், சொல்லும் பாப்பம்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் எனக்கு வசதியாகவும் இருந்தது. தலையை ஆட்டினேன். பச்சைச் சீட்டையும் கடுதாசியையும் அவர் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அந்த வருட ஆண்டறிக்கையை நான்தான் ஸ்டென்சிலில் அடித்தேன். 'வெளியூர் ஆலோசனை நாட்களில் பெறப்பட்ட மனுக்கள் யாவும் உரிய குழுக்களிடம் சேர்ப்பிக்கப்பட்டன' என்று ஒரு வரி. பக்கத்துக்கு ஐந்து பிழை விடுகிறவள் நான். அந்த வரியில் ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. சிவப்புச் சீசா பக்கத்திலேயே இருந்தது, தொடவேண்டிய தேவை வரவில்லை. விருந்தன்று நஷ்டஈட்டுக் குழுதான் அதிகம் உழைத்தது என்று முடிவாகி எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் ஒரு பேனா பரிசு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் எங்கள் பக்கத்தை ஆபத்து நீங்கிய 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். வேலிக் கதவுகள் திறந்து கிடந்தன. அந்த வருடம் ஜாசினில் அவசரகாலக் குழுவின் நாள் நடந்தபோது கூட்டமே இல்லை. பத்து மணிக்கு அஞ்சலை வந்தாள். செலண்டாரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். குழந்தை இப்போது நடந்து வந்தது. கையில் ஒரு தூக்குச் சட்டி, உள்ளே சோறு. வழியில் யாருமே அதைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லையாம். அதை அவள் அதிசயமாகச் சொன்னாள்.

என் முன்னால் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, போன வருசம் நான் தப்பான நாளுக்கு வந்துட்டேன். அது கை கால் ஒடைஞ்சவங்களுக்கான நாளாமே, எஸ்டேட்டுல கணக்கெழுதுற கிராணி சொன்னாரு. அதனாலதான் யாரும் எழுதிப் போடல. அறிவு கெட்டவ நான், மொதல்லயே விசாரிச்சிருக்கணும். இந்த வருசம் நல்லா விசாரிச்சு, சரியான நாளுக்கு வந்திருக்கேன். இப்ப எழுதுங்க. அவர கொண்டாந்துருவாங்கதானே?"

நான் ரோஜாச் சீட்டை எடுத்தேன்.

"அவருக்கு அங்க யாரையும் தெரியாது டீச்சரம்மா. மூணு வயசுல வந்தவரு. ஊரு பேரே எங்கிட்டதான் கேப்பாரு."

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை, கனகசபை ஐயா அந்தக் கோடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீங்கள் தவறவில்லை அக்கா, நான்தான் தவறினேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் அவள் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதினேன். கஞ்சி என்றும் எழுதினேன். இரண்டு முறை படித்துக் காட்டினேன். அவ்வளவு நல்ல சீட்டை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை.

மேசையில் இருந்த வக்கீல் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கப்பலேற்றிய ஆளைத் திருப்பிக் கொண்டுவர வழி இல்லை என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். அவள் அவரைக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என் தப்புதான், ஒரு வருசம் பிந்திட்டேன்" என்றாள். குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் உட்காரவைத்துச் சோறு ஊட்டிவிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸில் போனாள். அதன் பிறகு எந்தக் குழுவின் நாளுக்கும் அவள் வரவில்லை.

அவசரகாலம் முடிந்ததும் அவசரகாலச் சட்டக் குழுவைக் கலைத்தார்கள். ஐயாவின் அலமாரியை அவர் மகன் காயலான் கடைக்குப் போட்டபோது உள்ளே இருந்த தாள்களும் போயின. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரிதானபின், ஒருமுறை ஒரு கார் பிடித்துச் செலண்டாருக்குப் போனேன். பால்மரத்தை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டிருந்தார்கள். லயம் இருந்த இடத்தில் ஒரு கிணற்றின் வாய் மட்டும் இருந்தது. அஞ்சலை என்று கேட்டேன், வீராசாமி பெண்சாதி என்று கேட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன் நின்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய ஆளுங்க யாரும் இல்லலா, ஆன்ட்டி. எல்லாம் டவுன் வீட்டுக்கோ எங்கயோ போயிட்டாங்க" என்றான்.

வேலி போய்விட்டது, லயம் போய்விட்டது, தாளும் போய்விட்டது. அவள் இருந்தால் அவளுக்கு இப்போது எண்பதை நெருங்கும். எந்த ஊரிலோ யாரிடமோ, நான் அன்றைக்குத் தப்பான நாளுக்குப் போய்விட்டேன் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அதை அப்படியே நம்பித்தான் கண்ணை மூடுவாள், அல்லது மூடியிருப்பாள். அது பொய் அக்கா. நீங்கள் ஒன்பது நாள் முன்னதாகவே வந்துவிட்டீர்கள்.