கத்தி எனக்கு, சம்பளம் அவருக்கு

ஆந்திர மாநிலம் பிரிந்த புதிதில் சித்தூரில் யாரைப் பார்த்தாலும் எல்லைப் பேச்சுதான். நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று டீக்கடையில் கை ஓங்கிக்கொண்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருந்தது. நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டே சர்ஜன்கள். இன்னொருவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவருக்கு என்னைப்போல ஒன்றரை மடங்கு சம்பளம்.

காரணம் கேட்டால் முதலாளியிடம் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். நாங்கள் இருவரும் கல்யாணமாகாதவர்களாக இருந்தபோது, "அவர் குடும்பம் பண்ணணும், நீங்க இன்னொரு வீட்டுக்குப் போறவங்க" என்றார். எனக்குக் கல்யாணமானதும், "வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே" என்றார். காரணம் மாறிக்கொண்டே இருந்தது. சம்பளம் மட்டும் அசையவில்லை. எரிச்சலாக இருக்கும்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த சர்ஜன் எலும்பில் கெட்டிக்காரர். வயிற்றைத் திறப்பதென்றால் நான்தான். ஆனால் ஆண் நோயாளிகள் பொம்பளை டாக்டரிடம் படுக்கமாட்டார்கள் என்று முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். மயக்க மருந்து ஏறும்வரை அந்த சர்ஜன் தலைமாட்டில் நிற்பார். ஆள் தூங்கியதும் நான் உள்ளே போய் அறுப்பேன். கண் விழிக்கும்போது மறுபடி அவர் நிற்பார். பிழைத்தவர்கள் திருமலையில் மொட்டை போட்டுவிட்டு லட்டோடு வருவார்கள். அந்த லட்டுகளெல்லாம் அவருடைய அறைக்குத்தான் போகும். ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை.

ஒருநாள் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். குடலிறக்கம் முற்றி, துடித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். போதும் என்று தோன்றியது. மயக்க மருந்து கொடுக்கும் முன்பே உள்ளே நுழைந்தேன்.

"உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப்போறது நான்தான். சம்மதமா, சொல்லுங்க."

அந்த வலியிலும் அவர் என்னையும் தலைமாட்டில் நின்ற சர்ஜனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயாம்மா அறுக்கப் போற? அப்ப இந்த ஐயா இன்னாத்துக்கு நின்னுகினு கீறாரு?"

"சம்பளம் வாங்குறதுக்கு" என்றேன்.

நர்ஸ் திரும்பி நின்றுகொண்டாள். சர்ஜன் முகமூடிக்குள் சிரித்தாரா, வெட்கப்பட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "உசுரு போவுது தாயீ, யாரு அறுத்தா இன்னா, சீக்கிரம் பண்ணு" என்றார் விவசாயி. பண்ணினேன். பிழைத்தார்.

முதலாளி கொதித்துப்போனார். "எந்துக்கம்மா, எதுக்கம்மா இப்படி மானத்தை வாங்குறீங்க?" என்று கத்தினார். ஆனால் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. திருப்பதியில் ஒரு புது ஆஸ்பத்திரிக்கு சர்ஜன் தேடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அடுத்த மாதமே அந்த விவசாயி மொட்டைத் தலையோடு வந்தார். வாசலில் நின்று, "வயிறு அறுக்குற டாக்டரம்மா எங்க கீறாங்க?" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்து, லட்டை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு நகரி, புத்தூர் ஆட்கள் அந்த டாக்டரம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஆண்கள்தான், பெரும்பாலும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, இறங்கிய குரலில் பேசினார்.

"வித்தியாசத்துல பாதி கூட்டித் தர்றேன்மா."

"சரிங்க. அடுத்த ஆபரேஷன்ல பாதி வரைக்கும் அறுத்துட்டு நான் கையைக் கழுவிக்கிறேன். மீதியை ஐயாவைப் பார்த்துக்கச் சொல்லுங்க."

அந்த மாதம் சமமான சம்பளம் வந்தது. நன்றி சொல்லும்படி குமாஸ்தா கண்ணைக் காட்டினார். நான் முதலாளியின் அறைக்குள் போய், இத்தனை வருஷத்துப் பாக்கி எப்போது வரும் என்று கேட்டேன்.